பிடரிப் பொட்டு

இதைப் பொய் என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் தங்கள் பிடரியை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். பார்த்த பிறகும் சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லட்டும். மேற்கே மலை, கிழக்கே செம்மணல் மேடான தேரி, நடுவே ஒரு வாய்க்கால் என்று கிடக்கிற பூவரசங்குளத்தில், கலைக் கல்லூரியின் விலங்கியல் பிள்ளைகள் மழைக்காட்டுக் கள ஆய்வுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த ஆனி மாசத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஊரில் பாதிப் பேருக்குப் பிடரியில் பொட்டு இருந்தது. ஆனால் பொட்டுக்கு முன்னால் நத்தை வருகிறது. நத்தையைச் சொல்லாமல் பொட்டைச் சொன்னால் கதை நொண்டும்.

மழைக்காட்டுக்குப் போவதென்றால் அருவியில் குளித்துவிட்டு வருகிற மாதிரி அல்ல என்று சொர்ணவேல் சார் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். தவளையை அறுத்து அறுத்து விரலெல்லாம் பார்மலின் நாறிப்போன மனுஷர் அவர். வீட்டில் அவர் சோறு பிசைய உட்கார்ந்தால் மனைவி எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். உச்சி வெயிலில் ரப்பர் பூட்சை மாட்டிவிட்டு மைதானத்தைச் சுற்றி நடக்கவைத்தார். அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தூளை எண்ணெயில் குழைத்துக் காலுறையில் தேய்க்கப் பழக்கினார். பவுடர் போடாதே, மல்லிகை வைக்காதே, காட்டில் உன் வாசனை உனக்கு முன்னால் போய் நிற்கக்கூடாது என்றார். எறும்புப் புற்றுக்கு முன்னால் தும்மாமல் இருமாமல் உட்காரவைத்தார், அதில் ஒரு பையன் தூங்கிப் புற்றின்மேலேயே சாய்ந்து வீங்கிப்போனது தனிக்கதை. இத்தனையும் முடிந்த பிறகுதான் எண்ணக் கற்றுக்கொடுத்தார்.

"காட்டுல கெடக்கிற உயிரை வரிசையா நிக்கவச்சு எண்ண முடியாது, பாத்துக்கிடுங்க. ஏமாத்தித்தான் எண்ணணும். கொஞ்சத்தைப் பிடி. பொட்டு வை. விட்டுரு. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பிடி. அதுல பொட்டு வச்சதா நெறைய வந்துச்சுன்னா கூட்டம் சின்னது, அதே ஆளுதான் திரும்பத் திரும்ப அகப்படுது. பொட்டு வச்சது ஒண்ணு ரெண்டுதான் வந்துச்சுன்னா கூட்டம் கடல் மாதிரி. அவ்வளவுதான் கணக்கு."

"எங்கப்பா கல்யாண வீட்டுல பந்திக்குப் பந்தி அதே மூஞ்சியாப் பாத்துட்டு, கூட்டம் கம்மிதான்னு சொல்லுவாவ, சார்," என்றாள் ரோஸ்லின். "அதே கணக்கா?"

"அதே கணக்குத்தான். ஆனா உங்கப்பா யாரு பிடரியிலயும் பொட்டு வைக்கமாட்டாரு."

வகுப்பு சிரித்தது. ரோஸ்லின் பக்கத்தில் இருந்த பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை; அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறது ரோஸ்லின் வேலை, கவனிக்கிறது பேச்சி வேலை என்று இரண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸிலேயே பிரித்துக்கொண்டார்கள். ஒரே பெஞ்சு, ஒரே பஸ். பேச்சி கொண்டுவந்த சோற்றை ரோஸ்லின் தின்பாள், ரோஸ்லின் வாங்கிவந்த வசவைப் பேச்சி கேட்பாள். பேச்சிக்குக் கை ஆடாது. காலில் முள் தைத்தவர்கள் தெருவின் இரண்டு கடைசியிலிருந்தும் அவளைத் தேடித்தான் வருவார்கள்.

அதனால் கல்லூரிக்குப் பின்னாலிருந்த வாழைத்தோட்டத்து நத்தைகளுக்குப் பொட்டு வைக்கிற வேலை அவளுக்கே வந்தது. சார் சொன்னபடி ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் நோகாமல் தூக்கி, ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்து, ஓட்டின்மேல் ரோஸ்லினுடைய நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்து, அது போய்க்கொண்டிருந்த திசையைப் பார்க்கவே திரும்ப இறக்கி வைத்தாள். மறுபடி பிடித்தபோது, "பொட்டு உள்ளதைக் கீழ வச்சிரு, அதைப் பாத்தாச்சு, இல்லாததைக் கையில எடு, அதுதான் புதுசு," என்றார் சார். இல்லாததாகவே வந்தது. அள்ள அள்ள வந்தது. சார் கணக்குப் போட்டு வாயைப் பிளந்தார். "தோட்டமே நத்தைதாம்டே! ரெண்டு பாட்டில் எடுத்தா கடல்ல கரண்டி மோந்த மாதிரி." இரண்டு பாட்டில் என்று ஆரம்பித்து, அலமாரியில் காலியாயிருந்த பாட்டில் எல்லாவற்றையும் நிரப்பி, சாராயம் ஊற்றி மூடினார்கள்.

பிறகு ஒருநாள் பேச்சி ஒரு பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, உள்ளே கிடந்த ஓடுகள் எல்லாவற்றிலும் நகப்பூச்சு இருந்த இடம் லேசாகச் சிவந்திருந்தது. திருவிழாக் கடையில் வாங்கிய பூச்சு, வாய்க்கால் தண்ணீரில் கரைந்து போயிருந்தது. கடல் என்று எண்ணியது அதே நத்தைகளைத்தான். ஓடிப்போய்த் தோட்டத்தில் தேடினாள். வாழை இருந்தது, ஈரம் இருந்தது, ஒரு நத்தை இல்லை. சார் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அனுபவம்," என்றார். நத்தையைக் கூப்பிட்டு வைத்து மன்னிப்பா கேட்க முடியும்?

இனிமேல் பொட்டு.

திங்கட்கிழமை சாயங்காலக் கருக்கலில் வெளியே நடமாடியவர்கள் எல்லாருக்கும், யாரோ இரண்டு விரலால் இடுப்பைப் பிடித்து நோகாமல் தூக்கி, ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்து, திரும்ப இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தபால்காரரைச் சைக்கிளோடு தூக்கியது. சைக்கிள் மணி மட்டும் தானாக அடித்தது என்றார். பால்காரியைக் குடத்தோடு தூக்கியது; ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று அவள் இன்றுவரை மெச்சிக்கொள்கிறாள். யாரும் அலறவில்லை. கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவரைத் தவிர யாருக்கும் புகார் இல்லை. காலையில் சவரக்கடைச் சுடலைமுத்துதான் முதலில் கண்டுபிடித்தார், ஏனென்றால் ஊரின் பிடரி முழுக்க அவர் பார்வையில்தான் இருந்தது. மிளகு அளவில், நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில், அச்சு வைத்த மாதிரி ஒரு பொட்டு.

"உமக்கு விழுந்திருக்கு, அண்ணாச்சி," என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் சொல்லுவார். "எனக்கு விழுந்திருக்கா பாரும்," என்று அவர்களிடம் தன் பிடரியைக் காட்டுவார். அவருக்கு விழவில்லை. அந்த வருத்தத்தில் அன்றைக்கு இரண்டு பேர் காதைக் கீறிவிட்டார்.

யார் வைத்தது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதுதான் பேச்சு. மாடசாமி கோயிலில் சாமியாடி, எம் பிள்ளைகளுக்கு நானே வச்சேன் என்று அருள்வாக்குச் சொன்னார், அவருக்கும் இருந்தது. பாஸ்டர், இது வேதத்தில் சொல்லியிருக்கிற முத்திரையா இல்லையா என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்துவிட்டு, முடிவு சொல்லாமல் காணிக்கைப் பாட்டுக்குப் போய்விட்டார். ஆளுங்கட்சிக்காரர்கள் இது தங்கள் ஆட்சியில் வந்தது என்றார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் தெருவில் வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று மறியல் செய்தார்கள். தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் பிடரியைக் கேட்டார்கள். சட்டைக் காலர்கள் இறங்கின, கொண்டைகள் ஏறின, தையல்காரர் பொட்டுத் தெரிகிற மாதிரி ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டி அதற்குப் பொட்டுக்கழுத்து என்று பெயர் வைத்தார். பொட்டு விழாதவர்கள் வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டு, தோளில் துண்டு போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

அப்புறம் பொட்டு இருந்த லாரி டிரைவர் ஒருத்தர் புளியமரத்தில் மோதிச் செத்தார். அவர் குடித்திருந்தார் என்பதை ஊர் மறந்துவிட்டு, பொட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. அடுத்த வாரம் பொட்டு இருந்த வீட்டில் ஒரு மாடு செத்தது. ஆகாத பொட்டு என்று ஒரு வார்த்தை பஸ் ஸ்டாண்டில் ஏறி எல்லா நிறுத்தத்திலும் இறங்கியது. பிறகென்ன, ஊர் தன் பெருமையைத் தானே தேய்க்க ஆரம்பித்தது: மண்ணெண்ணெய், சாம்பல், தேங்காய்நார், செங்கல்பொடி. தேய்த்தால் போய்விடுகிற பொட்டுதான். துண்டு போட்டிருந்தவர்கள் துண்டை எடுத்து வீசிவிட்டு, வெறும் பிடரியோடு மார்நிமிர்த்தி நடந்தார்கள்.

ரோஸ்லினுக்கும் இருந்தது. அவளுடைய அம்மா ஞானப்பூவுக்கு அதிர்ஷ்டமும் வேண்டாம், துரதிர்ஷ்டமும் வேண்டாம். "வேதக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பொட்டு என்னட்டி பொட்டு? நெத்தியில வச்சாலே ஊரு பேசும், இவளுக்குப் பிடரியில! தூத்துக்குடியிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரவ வாராவ, குனிஞ்சு ஜெபம் பண்ணும்போது பாத்தாவன்னா?" என்று தேங்காய்நாரை எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"எம்மா, அது பொட்டு, பாவம் இல்ல. தேய்ச்சுத் தேய்ச்சு மண்டைக்குள்ள போயிராத," என்று குனிந்தபடி ரோஸ்லின் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. பொட்டுப் போன இடத்தில் தோல் உரிந்து ரத்தம் துளிர்த்தது.

வாசலில் நின்ற பேச்சி அந்தத் துளிர்த்த சிவப்பைப் பார்த்தாள். பாட்டிலுக்குள் பார்த்த அதே சிவப்பு. இடுப்பைப் பிடித்த விரலும், புரட்டிப் பார்த்ததும், போன திசைக்கே இறக்கி வைத்ததும் அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்தன. மறுபடி பிடிப்பார்கள். பிடித்தால் பொட்டு வைத்தது ஒன்றோ இரண்டோதான் அகப்படும். கடல் மாதிரி என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் அலமாரி.

சார் வீட்டுக்கு ஓடினாள். அவர் கிணற்றடியில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி அவர் பிடரியைத் தேய்த்து முடித்துச் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பேச்சி சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் மனைவி கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"சொன்னா யாரு நம்புவா?" என்றார்.

"நம்பச் சொல்லலை, சார். திரும்ப வச்சிருவோம். எல்லாரு பிடரியிலயும். அப்ப கூட்டம் சின்னதுன்னு விட்டுருவாவ."

"விடமாட்டாங்கம்மா. கொறைச்சலா இருக்கிற உயிரைக் கண்டா நாம என்ன செய்வோம்? அழிஞ்சுபோயிரக் கூடாதுன்னு ஒரு ஜோடியை எடுத்துப் பத்திரமா வைப்போம்."

"ரெண்டு பேருதானே?"

"எந்த ரெண்டு பேருன்னு நீயா சொல்லப்போற?"

வீடு திரும்புகிற வழியெல்லாம் பேச்சி அதைத்தான் யோசித்தாள், யோசித்து ஒரு பதிலும் கண்டுபிடித்திருந்தாள். பொட்டு உள்ளவர்களில் இருந்துதானே எடுப்பார்கள்; எண்ணிக்கையில் இருப்பவர்கள் அவர்கள்தானே. பொட்டே இல்லாத ஒருத்தி கணக்கிலேயே வரமாட்டாள்.

இப்படியாக மழைக்காட்டுக்குக் கற்றுக்கொண்டதையெல்லாம் பிள்ளைகள் பூவரசங்குளத்தில் செலவழித்தார்கள். ஃபேன்ஸி ஸ்டோரில் நாவற்பழ நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நகப்பூச்சு கிடைத்தது; தண்ணீரில் போகுமா என்று வாளியில் ஊறவைத்துப் பார்த்தே வாங்கினார்கள். எறும்புப் புற்றுக்கு முன்னால் மூச்சடக்கி உட்கார்ந்தவர்கள் ரேஷன் வரிசையில் ஆட்களுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றார்கள். வாசனை இல்லாமல், சத்தம் இல்லாமல், ஒரு தொடல், அவ்வளவுதான். கொசு என்று ஆள் தட்டுவதற்குள் கை திரும்பியிருக்கும். பந்தியில் குனிந்தவர்களுக்கு, திரைப்படம் பார்த்து அழுதவர்களுக்கு, கண்மூடி ஜெபித்தவர்களுக்கு, சாமி கும்பிட்டு விழுந்தவர்களுக்கு வைத்தார்கள். சுடலைமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கத்தியைத் தீட்டியபடியே, "என் நாற்காலியில உக்காந்தவன் பிடரி எனக்குச் சொந்தம், கொண்டா பாட்டிலை," என்று வாங்கி வைத்துக்கொண்டார். முதலில் தனக்கு ஒன்று வைத்துக்கொண்டார். ஞானப்பூவுக்குப் பேச்சியே வைத்தாள், வேதக்கோயில் பெஞ்சில் பின்னால் உட்கார்ந்து, முள் எடுக்கிற நிதானத்தோடு. சாருக்குச் சாரே கண்ணாடி இரண்டைப் பிடித்துக்கொண்டு வைத்தார், கோணலாகப் போனது.

"ரோஸ்லினுக்கு?" என்று கேட்டார்கள்.

"நான் வச்சிட்டேன்," என்றாள் பேச்சி. பிறந்ததிலிருந்து அவள் சொன்ன பொய்களில் அதுதான் கை ஆடாமல் சொன்னது.

பேச்சியின் பிடரி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவளுக்கே வரவில்லை.

காட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், முதலில் ஊரைத் தூக்கிப் பொட்டு வைத்தவர்கள் திரும்ப வந்தார்கள். பேச்சியும் ரோஸ்லினும் காலுறையும் புகையிலைத் தூளும் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள்; வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் மூக்கு எப்படியிருந்தது என்று ரோஸ்லின் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரின் காலும் தரையை விட்டன. உயரத்திலிருந்து பேச்சி பார்த்தாள்: கடைத்தெருவே தூக்கப்பட்டு, புரட்டப்பட்டு, இறக்கி வைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீ தலைகீழாகப் போயும் டம்ளரிலேயே விழுந்தது. ஒவ்வொரு பிடரியாகப் பார்த்து, பொட்டைப் பார்த்து, கீழே வைத்து, அடுத்தது. பொட்டைப் பார்த்து, கீழே வைத்து, அடுத்தது. ஞானப்பூ இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, போய்க்கொண்டிருந்த பக்கமே போனாள்.

ரோஸ்லினைப் புரட்டிய விரல் நின்றது. அவளுடைய கூந்தலை ஒதுக்கி, காய்ந்துபோன அந்தத் தழும்பை ஒரு தரம், இன்னொரு தரம், வெளிச்சத்தில் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தது. ஊரெல்லாம் பழசு, இது ஒன்று புதுசு. சார் வாழைத்தோட்டத்தில் சொன்னது அப்போதுதான் பேச்சியின் காதில் விழுந்தது, சொல்லி இத்தனை நாளுக்குப் பிறகு.

"அவ பழையவ!" என்று கத்தினாள். "அவளுக்கு இருந்துச்சு! அவங்க அம்மா தேய்ச்சிட்டா! அவளைக் கீழ வைங்க!" நத்தை கத்தினால் நமக்கு எந்த பாஷையில் கேட்கும்? அவள் கத்தியதும் அப்படித்தான் கேட்டிருக்கும். கத்திக்கொண்டிருந்தவளை அந்த விரல் அக்கறையோடு புரட்டி, அவளுடைய பிடரியும் வெறுமையாக இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டு, இரண்டு பேரையும் ஒரே கைக்குள் வைத்து மூடியது.

கொண்டுபோய் வைத்த இடத்தைக் குறை சொல்ல முடியாது. வெயில் கொஞ்சம் தாழ்வாக இருந்தது, காற்று ஒரே பக்கமிருந்து வந்தது, மற்றபடி பூவரசங்குளத்து பஸ் நிறுத்தம் மாதிரியே செய்திருந்தார்கள். பஸ் மட்டும் வராது. மனுஷர்கள் கருக்கலில் கையில் எதை வைத்திருந்தார்களோ அதைத்தான் தின்பார்கள் என்று நினைத்து, விடிந்ததும் ஒரு குவியல் இறக்கி வைப்பார்கள்: செல்போன்கள், குடைகள், துணிப்பைகள், தவறிப்போய் எப்போதாவது ஒரு வாழைப்பழம். தண்ணீர் சுத்தமாக இருந்தது. ரோஸ்லின் முதலில் அழுதாள், பிறகு குடைகளை விரித்து ஒரு வீடு கட்டினாள். சார் ஜோடி என்று சொன்னதையும் தான் செய்ததையும் பேச்சி அவளிடம் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை ரோஸ்லின் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்காக ஒரு பொய் சொன்ன, அதையும் உருப்படியாச் சொல்லலை," என்றாள். பிறகு வாழைப்பழத்தைப் பாதியாக உரித்து நீட்டினாள்.

"ஜோடின்னு சொன்னியே. நாம ரெண்டு பேரும் பொம்பளைன்னு இவங்களுக்கு யாருட்டி சொல்லுவா?"

"கொஞ்ச நாள் பாப்பாவ," என்றாள் பேச்சி.

"குட்டி போடுதோமான்னா?"

"ஆமா."

"போடலைன்னா?"

பேச்சி வாழைப்பழத்தை மென்று விழுங்கினாள். பதில் மேலேயிருந்து வந்தது, அதற்கு நாளானது. தாழ்வான வெயில் ஒரு பக்கம் விலகியது. ஒரு கை, மழைத்தண்ணீர் சொட்டுகிற ஒரு மனுஷரை நோகாமல் அவர்களுக்கு நடுவில் இறக்கி வைத்தது. ரப்பர் பூட்சு, முழங்கால் வரைக்கும் அட்டைக் காலுறை, கண்ணாடியில் காட்டுப் பாசி. பிடரியில் கோணலாக இருந்த பொட்டின் பாதி, வாளித் தண்ணீருக்குத் தாங்கியது காட்டு மழைக்குத் தாங்காமல், கரைந்து முதுகில் ஒழுகியிருந்தது.

"சார்!" என்றாள் ரோஸ்லின்.

சொர்ணவேல் சாருக்கு மூச்சு வாங்கியது. ஊரில் அவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அவர் சொன்னார்: முதலில் ஓடிப்போய்விட்டதாகச் சொன்னார்கள், ரெண்டும் பொம்பளைப் பிள்ளைகள் எங்கே ஓடும் என்று அது நிற்கவில்லை, பிறகு முன்கூட்டியே காட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள், அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது, கல்லூரியில் வருகைப்பதிவே போட்டுவிட்டார்கள். ஞானப்பூ தூத்துக்குடிக்காரர்களிடம் மகள் மேல்படிப்புக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள், தினமும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறாள், தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, யாராவது பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. பிள்ளைகள் காட்டில் இருக்கிறார்கள், நன்றாக எண்ணுகிறார்கள்.

சொல்லி முடித்துவிட்டுச் சார் எழுந்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, வராத பஸ்ஸையும் குடை வீட்டையும் செல்போன் குவியலையும் சுற்றிப் பார்த்தார். தூரத்தில், வெளிச்சம் மங்குகிற இடத்தில், இதே மாதிரி இன்னொரு பஸ் நிறுத்தம் தெரிந்தது, அதற்கு அப்பால் இன்னொன்று, அதிலெல்லாம் ஆட்கள் நிழல் நிழலாக நின்றார்கள். சாருடைய உதடு தானாக அசைய ஆரம்பித்தது, வலது கைச் சுட்டுவிரல் காற்றில் எழுந்து ஒவ்வொரு நிழலாகத் தொட்டுக்கொண்டு போனது.

பேச்சி அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.

"வேண்டாம், சார்," என்றாள். "எண்ணாதீங்க."